முதன்மைத் தாங்கி இடைவெளி

முதன்மைத் தாங்கி இடைவெளி என்பது, உள் எரி பொறி ஒன்றில் வணரித்தண்டின் ஜர்னலுக்கும் அதனைச் சூழ்ந்துள்ள தாங்கி ஓட்டின் உட்பரப்புக்கும் இடையே விடப்படும் விட்ட வேறுபாடு ஆகும். பட்டறை வழக்கில் வணரித்தண்டு கிராங்க் சாஃப்ட் என்றும், முதன்மைத் தாங்கி மெயின் பேரிங் என்றும், இவ்விடைவெளி பேரிங் கிளியரன்ஸ் அல்லது ஆயில் கிளியரன்ஸ் என்றும் அழைக்கப்படுகின்றன. கார், பேருந்து, சரக்குந்து எஞ்சின்களில் இது பெரும்பாலும் 0.03 மி.மீ. முதல் 0.12 மி.மீ. வரை அமைகிறது. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மி.மீ. என்பதோடு இதனை ஒப்பிடலாம்.

அளவில் மிகச் சிறியதாயினும், எஞ்சினின் ஆயுளை முடிவு செய்யும் அளவுகளுள் இது முதன்மையானது. டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட எஞ்சின்களில் தாங்கியின் மீதான சுமையும் எண்ணெயின் வெப்பமும் ஒருங்கே உயர்வதால், இவ்விடைவெளியைக் கூடுதல் கவனத்துடன் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

அமைப்பு

வணரித்தண்டு பிஸ்டன்களின் மேல்-கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுகிறது. இத்தண்டின் மைய அச்சில் அமைந்த, நன்கு மெருகூட்டப்பட்ட உருளைப் பகுதிகள் முதன்மை ஜர்னல்கள் எனப்படும். வரிசையாக நான்கு உருளைகள் கொண்ட எஞ்சினில் பொதுவாக 5 முதன்மைத் தாங்கிகளும், ஆறு உருளைகள் கொண்ட எஞ்சினில் 7 முதன்மைத் தாங்கிகளும் இருக்கும்.

ஒவ்வொரு தாங்கியும் இரண்டு அரைவட்ட ஓடுகளால் ஆனது. மேல் ஓடு எஞ்சின் பிளாக்கிலும், கீழ் ஓடு திருகாணிகளால் இறுக்கப்படும் தாங்கி மூடியிலும் அமர்கின்றன. மேல் ஓட்டில் எண்ணெய்த் துளையும் பெரும்பாலும் எண்ணெய்ப் பள்ளமும் காணப்படும். எரிப்பு அழுத்தம் தண்டைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது கீழ் ஓடு ஆகும். எனவே அதன் பரப்பு பள்ளமின்றி முழுமையாக விடப்படுகிறது.

ஓடுகளின் முதுகு எஃகால் ஆனது. அதன் மேல் மென்மையான உலோகக் கலவை பூசப்படுகிறது. அலுமினியம்-வெள்ளீயக் கலவை கொண்டவை ஈருலோக ஓடுகள் என்றும், செம்பு அடிப்படையிலான கலவையின் மேல் மற்றொரு மெல்லிய மென்பூச்சு கொண்டவை மூவுலோக ஓடுகள் என்றும் அழைக்கப்படுகின்றன. ஜர்னலை விட ஓடு மென்மையாக இருப்பது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. எண்ணெயில் வரும் நுண்துகள்கள் ஓட்டில் புதைந்துவிடும். தேய்மானம் வந்தாலும், விலை மிகுந்த தண்டுக்கு முன் விலை குறைந்த ஓடு தேயும். இத்தகைய மென்கலவைகளின் முன்னோடி ஐசக் பாபிட் 1839-இல் உருவாக்கிய வெள்ளை உலோகம் ஆகும்.

எண்ணெய்ப் படலம் சுமையைத் தாங்கும் விதம்

எண்ணெய் பம்பு தரும் அழுத்தமே தண்டைத் தூக்கி நிறுத்துகிறது எனப் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. பின்வரும் எளிய கணக்கு இதனை விளக்கும்.

100 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் மேற்பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர மி.மீ. ஆகும். டர்போசார்ஜர் கொண்ட டீசல் எஞ்சினில் எரிப்பின் உச்ச அழுத்தம் 150 பார் எனக் கொண்டால், பிஸ்டனை அழுத்தும் விசை ஏறத்தாழ 118 கிலோநியூட்டன், அதாவது சுமார் 12 டன் எடைக்குச் சமம். இவ்விசையை இரு பக்கத்துத் தாங்கிகளும் சமமாகப் பகிர்ந்தால், ஒவ்வொன்றின் பங்கு 59 கிலோநியூட்டன். தாங்கியின் விட்டம் 70 மி.மீ., அகலம் 28 மி.மீ. எனில், அதன் நேர்ப்பரப்பு 1,960 சதுர மி.மீ. ஆகும். சராசரி அழுத்தம் ஏறத்தாழ 300 பார். பம்பு தருவதோ 4 அல்லது 5 பார் மட்டுமே.

எஞ்சிய அழுத்தத்தைத் தண்டின் சுழற்சியே உண்டாக்குகிறது. சுமையால் ஜர்னல் தாங்கியின் மையத்திலிருந்து சற்று விலகி நிற்கும்போது, ஒரு பக்கம் இடைவெளி அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்பு வடிவம் தோன்றுகிறது. சுழலும் ஜர்னல் தன்னோடு ஒட்டிய எண்ணெயை இந்த ஆப்பினுள் இழுத்துச் செல்கிறது. குறுகும் வழியில் செல்ல முயலும் எண்ணெயில் மிகுந்த அழுத்தம் பிறக்கிறது. இது நீரியக்க உயவு எனப்படும். பம்பின் வேலை, இந்த ஆப்பு வறண்டுவிடாமல் எண்ணெயை நிரப்பிக்கொண்டிருப்பதும், வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றுவதுமே ஆகும்.

இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்டது. இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் 1883-இல் இரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, தாங்கியின் மேற்புறத்தில் இட்ட துளையின் அடைப்பானை எண்ணெய் மீண்டும் மீண்டும் வெளித்தள்ளியது. இதற்கான கணிதக் கோட்பாட்டை ஆசுபோர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் வெளியிட்டார். இன்றும் தாங்கி வடிவமைப்பு ரெனால்ட்ஸ் சமன்பாட்டையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

கடும் சுமையின்போது படலத்தின் மிக மெல்லிய இடம் சில மைக்ரான் அளவுக்கே வந்துவிடுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இடைவெளி மாறுவதால் ஏற்படும் விளைவுகள்

இடைவெளி தேவைக்குக் குறைவாக இருந்தால், தாங்கி வழியே பாயும் எண்ணெய் குறைகிறது. உராய்வால் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றி எண்ணெய் மேலும் சூடாகி நீர்த்துப்போகிறது. தண்டு விரிவடைந்து எஞ்சியிருக்கும் இடைவெளியையும் விழுங்குகிறது. இறுதியில் உலோகம் உலோகத்தைத் தொட்டு, ஓடு உருகி ஜர்னலைப் பற்றிக்கொள்ளும். பட்டறைகளில் இதனை எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்பர்.

இடைவெளி மிகுதியாக இருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்தோடுகிறது. பம்பின் அழுத்தத்தால் ஏற்படும் இக்கசிவு இடைவெளியின் முப்படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதாவது இடைவெளி 0.050 மி.மீ.-இலிருந்து 0.075 மி.மீ. ஆக ஒன்றரை மடங்கு உயர்ந்தால், கசிவு ஏறத்தாழ 3.4 மடங்கு ஆகிறது. பம்பு ஒரு சுழற்சிக்குக் குறிப்பிட்ட அளவு எண்ணெயையே தள்ள வல்லது என்பதால், எண்ணெய் அழுத்தம் வீழ்கிறது.

இதன் விளைவு முதன்மைத் தாங்கியோடு நிற்பதில்லை. இணைப்புத் தண்டின் தாங்கிகளுக்குச் செல்லும் எண்ணெய், முதன்மை ஜர்னல்களில் தொடங்கும் துளைகள் வழியாகவே செல்கிறது. முதன்மைத் தாங்கியில் வீணாகும் எண்ணெய், இணைப்புத் தண்டுத் தாங்கிக்குக் கிடைக்காத எண்ணெய் ஆகும். ஆகவே முதன்மைத் தாங்கி தேய்ந்த எஞ்சினில் முதலில் உடைந்து வெளியே வருவது பல நேரங்களில் இணைப்புத் தண்டாக இருக்கிறது.

டர்போசார்ஜர் கொண்ட எஞ்சின்கள்

வெளியேறும் புகையின் ஆற்றலால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி டர்போசார்ஜர் ஆகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி இதற்கான காப்புரிமையை 1905-இல் பெற்றார். மிகுந்த காற்றும் மிகுந்த எரிபொருளும் சேர்வதால் அதே கொள்ளளவில் கூடிய திறன் கிடைக்கிறது. ஆனால் தாங்கிகளைப் பொறுத்தவரை பின்வரும் மாற்றங்கள் நிகழ்கின்றன:

- எரிப்பு அழுத்தம் உயர்வதால் கீழ் ஓடுகளின் சுமை உயர்கிறது. குறைந்த சுழற்சி வேகத்தில் முழு முறுக்கு விசை கிடைப்பதால், ஆப்புப் படலம் வலுவடையும் முன்னரே சுமை வந்து சேர்கிறது.
- தண்டும் பிளாக்கும் சுமையால் வளைகின்றன. மிகக் குறைந்த இடைவெளியில், வளையும் ஜர்னலின் விளிம்பு ஓட்டின் விளிம்பை உரசும்.
- டர்போசார்ஜரின் சொந்தத் தாங்கிகளும் அதே எண்ணெயால் உயவிடப்படுகின்றன. அங்கு எண்ணெய் மிகுந்த வெப்பத்தைப் பெற்றுத் திரும்புகிறது.
- டர்போசார்ஜருக்கும் பிஸ்டன் அடியில் எண்ணெய் பீய்ச்சும் குழல்களுக்கும் பங்கு தர வேண்டியிருப்பதால், முதன்மைத் தாங்கிகளில் எண்ணெயை வீணாக்க இயலாது.

முதல் இரண்டு காரணங்கள் இடைவெளியைச் சற்றுக் கூட்டச் சொல்கின்றன. கடைசிக் காரணம் கூட்டாதே என்கிறது. இம்முரண்பாட்டுக்கு இடையே அமையும் சமரசமே சரியான அளவு.

அளவைத் தீர்மானித்தல்

தயாரிப்பாளரின் கையேட்டில் தரப்பட்ட எல்லையே முதல் சான்று. எஞ்சின் தன் மூலத் திறனிலேயே இயங்குமாயின் அவ்வெல்லையை மீறத் தேவையில்லை.

திறன் கூட்டப்பட்ட எஞ்சின்களுக்கு ஒரு பழைய நடைமுறை விதி உண்டு. ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விடுதல் என்பதே அது. இதன்படி 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.060 மி.மீ. ஆகிறது. மிகு சுமைப் பந்தய எஞ்சின்களில் இதனுடன் அங்குலத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு, அதாவது ஏறத்தாழ 0.013 மி.மீ. சேர்ப்பதும் வழக்கம். இவ்விதி தொடக்கப்புள்ளி மட்டுமே. பம்பின் கொள்ளளவு, எண்ணெயின் தரம், பிளாக்கின் உலோகம் ஆகியவற்றைப் பொறுத்து இறுதி அளவு மாறும்.

பிளாக்கின் உலோகம் குறிப்பிடத்தக்கது. எஃகும் வார்ப்பிரும்பும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவடைவதால், வார்ப்பிரும்புப் பிளாக்கில் குளிர்நிலை இடைவெளி சூட்டிலும் பெரிதும் மாறுவதில்லை. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். 60 மி.மீ. விட்டத்தில் வெப்பநிலை 80 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அலுமினியம் 0.110 மி.மீ., எஃகு 0.058 மி.மீ. விரிகின்றன. வேறுபாடு 0.05 மி.மீ.-க்கு மேல். எனவே அலுமினியப் பிளாக்கில் குளிர்நிலையில் குறைந்த இடைவெளியே விடப்படுகிறது. சில எஞ்சின்களில் இரும்பாலான தாங்கி மூடிகள் இவ்விரிவை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன.

அளவிடும் முறை

இடைவெளியைக் கணக்கிட இரண்டு அளவுகள் தேவை. ஒன்று ஜர்னலின் வெளிவிட்டம். மற்றொன்று ஓடுகள் பொருத்தி, மூடியை முழு முறுக்கத்துக்கு இறுக்கிய பின் உள்ள உள்விட்டம். செய்முறை பின்வருமாறு:

1. பிளாக், தண்டு, ஓடுகள் ஆகியவற்றைக் கழுவித் துடைத்து, ஒரே அறையில் ஒரே வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். 10 பாகை செல்சியஸ் வேறுபாடே 60 மி.மீ. எஃகுத் தண்டில் 0.007 மி.மீ. பிழையைத் தரும்.
2. ஓட்டின் முதுகிலும் அது அமரும் துளையிலும் எண்ணெயோ தூசியோ இருத்தல் கூடாது.
3. மூடிகளை எண்ணும் திசையும் மாறாமல் பொருத்தி, கையேட்டின் வரிசைப்படி டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். ஓட்டின் முனைகள் மூடியின் விளிம்பை விட நூலிழை அளவு உயர்ந்திருக்கும். இறுக்கும்போது இவ்வுயர்வே ஓட்டைத் துளையோடு அழுத்திப் பிடிக்கிறது. எனவே இறுக்காமல் எடுத்த அளவு பயனற்றது.
4. மைக்ரோமீட்டரால் ஜர்னலைப் பல இடங்களில் அளந்து, நீள்வட்டத் தேய்வும் சரிவுத் தேய்வும் உள்ளனவா எனக் காண வேண்டும்.
5. அதே மைக்ரோமீட்டரை ஜர்னலின் அளவில் வைத்து, அதில் போர் கேஜின் முள்ளைச் சுழிக்குக் கொணர வேண்டும். பின்னர்த் தாங்கியினுள் போர் கேஜ் காட்டும் வேறுபாடே நேரடியாக இடைவெளி ஆகும். இரு கருவிகளின் பிழைகளும் இதனால் ஒன்றையொன்று நீக்கும்.
6. உள்விட்டத்தை ஓடுகள் சேரும் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். சேரும் இடத்துக்கருகே ஓடுகள் வேண்டுமென்றே மெலிதாக்கப்பட்டிருப்பதால், அங்கு அளந்தால் இடைவெளி கூடுதலாகத் தெரியும்.

எடுத்துக்காட்டாக, 0.060 முதல் 0.070 மி.மீ. வரை இடைவெளி வேண்டிய ஐந்து தாங்கி எஞ்சின் ஒன்றைக் கொள்வோம்.

- தாங்கி 1: உள்விட்டம் 60.058, ஜர்னல் 59.994, இடைவெளி 0.064
- தாங்கி 2: உள்விட்டம் 60.060, ஜர்னல் 59.995, இடைவெளி 0.065
- தாங்கி 3: உள்விட்டம் 60.061, ஜர்னல் 59.993, இடைவெளி 0.068
- தாங்கி 4: உள்விட்டம் 60.059, ஜர்னல் 59.995, இடைவெளி 0.064
- தாங்கி 5: உள்விட்டம் 60.060, ஜர்னல் 59.980, இடைவெளி 0.080

ஐந்தாவது தாங்கி எல்லையை மீறுகிறது. உள்விட்டம் மற்றவற்றை ஒத்திருப்பதால் குறை ஓட்டில் இல்லை, ஜர்னலில் உள்ளது. இங்கு ஓட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு ஆகும்.

போர் கேஜ் இல்லாத இடங்களில் பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு போன்ற மெல்லிய இழை பயன்படுகிறது. இழையை ஜர்னல் மேல் வைத்து மூடியை இறுக்கிப் பின் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிடுவர். இழை அகன்றிருந்தால் இடைவெளி குறைவு. இடையே தண்டைச் சுழற்றக் கூடாது. எண்ணெயிடும் முன் ஒருமுறை சரிபார்க்க இது ஏற்றது. ஆனால் ஜர்னலின் நீள்வட்டத் தேய்வை இது காட்டாது. தொழிற்பயிற்சி நிலையங்களின் டீசல் மெக்கானிக் பாடத்திட்டத்திலும் தாங்கி இடைவெளியைச் சரிபார்த்தல் இடம்பெறுகிறது.

தண்டு முன்பின் நகரும் அளவு தனியே சரிபார்க்கப்படுகிறது. எண்ட் பிளே எனப்படும் இதனைக் கட்டுப்படுத்துவது உந்துத் தாங்கி ஆகும்.

இடைவெளியைச் சரிசெய்தல்

சிறு வேறுபாடுகளை ஓடுகளின் தேர்வால் சரிசெய்யலாம். சில தயாரிப்பாளர்கள் சற்றுத் தடித்த, சற்று மெலிந்த ஓடுகளையும் விற்கின்றனர். ஓர் இயல்பு ஓட்டையும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல் இடைவெளி தரும் இணையின் ஓர் ஓட்டையும் சேர்த்தால், இடைவெளி 0.013 மி.மீ. கூடும். ஜர்னல் உருண்டையாக இருக்கும்போது மட்டுமே இம்முறை பொருந்தும்.

ஜர்னல் நீள்வட்டமாகவோ கீறல்களுடனோ இருந்தால் தண்டை அரைத்துச் சிறிதாக்க வேண்டும். 0.25, 0.50, 0.75 மி.மீ. என்ற படிகளில் அரைத்து, அதற்கேற்ற தடித்த ஓடுகளை இடுவர். ஒரு ஜர்னல் மட்டும் பழுதாயினும் எல்லா முதன்மை ஜர்னல்களையும் ஒரே படிக்கு அரைப்பதே வழக்கம். அரைக்கும்போது ஜர்னலின் ஓரத்திலுள்ள வளைவைக் காக்க வேண்டும். அவ்விடம் கூர்மையாகிவிட்டால் தண்டு அங்கிருந்தே விரிசல் கண்டு முறியும். நைட்ரஜன் ஊட்டிக் கடினப்படுத்திய தண்டுகளில் கடினப்படலம் மெல்லியது என்பதால், அரைத்தபின் மீண்டும் கடினப்படுத்த வேண்டிவரலாம்.

ஓட்டின் பின்னே தகடோ தாளோ வைத்து இடைவெளியைக் குறைப்பதும், மூடியின் முகத்தை அரத்தால் தேய்ப்பதும் தவறான முறைகள். வெள்ளை உலோகத்தை வார்த்துக் கையால் சுரண்டிப் பொருத்திய பழங்கால எஞ்சின்களின் எச்சமாக இப்பழக்கங்கள் நீடிக்கின்றன. மெல்லோட்டுத் தாங்கியில் பின்னே வைத்த தகடு வெப்பம் கடத்தப்படுவதைத் தடுத்து, ஓட்டை அதன் இருக்கையிலிருந்து தளர்த்திவிடும்.

உயவு எண்ணெய்

இடைவெளியும் எண்ணெயின் பாகுநிலையும் இணைபிரியாதவை. குறைந்த இடைவெளிக்கு நீர்த்த எண்ணெயும், கூடிய இடைவெளிக்குத் தடித்த எண்ணெயும் பொருந்தும். 5டபிள்யூ-30 போன்ற எண்ணெய்க்கென வடிவமைத்த எஞ்சினில் 20டபிள்யூ-50 இடுவதால் பாதுகாப்பு கூடுவதில்லை. தாங்கி வழியே பாயும் எண்ணெய் குறைந்து வெப்பமே கூடும். இக்குறியீட்டில் டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிர்காலத் தொடக்கத்தைக் குறிப்பதால், கடுங்குளிர் இல்லாத சென்னையில் பிந்தைய எண்ணே தாங்கிக்கு முக்கியமானது. டர்போ டீசல் சரக்குந்துகளில் 15டபிள்யூ-40 பரவலாகப் பயன்படுகிறது. அழுத்தத்தைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு ஒவ்வோர் 1,000 சுழற்சிக்கும் ஏறத்தாழ 0.7 பார் என்பது பந்தய எஞ்சின் கட்டுவோரின் நடைமுறை அளவு.

பழுதின் அறிகுறிகள்

தாங்கி தேய்ந்ததன் முதல் அறிகுறி பெரும்பாலும் ஓசையாக இருப்பதில்லை. சூடான எஞ்சின் வெறும் ஓட்டத்தில் நிற்கும்போது எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்குவதே அது. அந்நிலையில் பம்பு மெதுவாகச் சுழல்கிறது, எண்ணெயும் நீர்த்திருக்கிறது. இதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், சுமையின்போது ஆழ்ந்த தட்டோசை எழும். எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்க்கும்போது செம்பு நிறத் துகள்கள் தென்பட்டால், மூவுலோக ஓட்டின் மேற்பூச்சு தேய்ந்து அடிக்கலவை வெளிப்பட்டுவிட்டது என அறியலாம். விளக்கு மினுக்கும் நிலையிலேயே எஞ்சினைத் திறந்தால் செலவு ஓடுகளோடு முடியக்கூடும். தட்டோசைக்குப் பின் திறந்தால் தண்டும், சில வேளைகளில் பிளாக்கும் சேரும்.

வடசென்னையில்

சென்னையின் வடபகுதியிலுள்ள திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் வட்டாரம் இந்திய மோட்டார் தொழிலின் தொடக்ககால மையங்களுள் ஒன்று. தீப்பெட்டி தயாரித்த விம்கோ நிறுவனத்தால் பெயர் பெற்ற விம்கோ நகருக்கு 2021-இல் மெட்ரோ இரயில் வந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டன. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிப் பேருந்து, சரக்குந்துகளில் முன்னணி பெற்றது. 1980களில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்துடன் ஏற்பட்ட தொழில்நுட்ப உடன்பாட்டால், அதன் எஞ்சின் வரிசையில் ஹினோ வழிவந்த டீசல் எஞ்சின்கள் சேர்ந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புதிய டீசல் சரக்குந்துகளில் டர்போசார்ஜர் பொதுவான உறுப்பாகிவிட்டது.

1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா தயாரித்த புல்லட் மோட்டார் சைக்கிளின் பழைய எஞ்சின்களில், முதன்மைத் தாங்கிகள் கோள, உருளைத் தாங்கிகளாக அமைந்தன. அவற்றில் இக்கட்டுரையில் கூறிய எண்ணெய்ப் படல இடைவெளி இல்லை. ஒரே வட்டாரத்தில் உருவான இவ்விரு எஞ்சின்களும் தாங்கித் தொழில்நுட்பத்தின் இரு கிளைகளைக் காட்டுகின்றன.

சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-இல் திறக்கப்பட்டு 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்கும் செல்லும் கொள்கலன் சரக்குந்துகள் இவ்வட்டாரச் சாலைகளில் நீண்ட வரிசையில் காத்திருப்பது வழக்கம். கோடை வெயிலில் வெறும் ஓட்டத்தில் நிற்பதும், பின் முழுச் சுமையோடு நகர்வதும் மாறி மாறி நிகழும் இப்பணி, தேய்ந்த தாங்கிகளை விரைவில் வெளிக்காட்டிவிடும். பழைய சரக்குந்தை நம்பி வாழும் உரிமையாளருக்கு, எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது பார்க்கப்படும் சில மைக்ரான் அளவே அவ்வண்டி மேலும் பல ஆண்டுகள் ஓடுமா, சில மாதங்களில் நின்றுவிடுமா என்பதை முடிவு செய்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

- வணரித்தண்டு
- உயவு
- பாகுநிலை
- டர்போசார்ஜர்
- டீசல் எஞ்சின்
- திருகு அளவி